அல்அப்பாரின் வெற்றிக் கதையில் விடுபட்ட பக்கங்கள்

சென்ற மாதம் அஸர் தொழுகை முடிந்து ஆற்றங்கரை வீதியால் நடந்துகொண்டிருந்தபோது, என்னிடம் பதினோராம் தரத்தில் வணிகக் கல்வி படிக்கும் மாணவன் ஒருவன் சைக்கிளை நிறுத்தி, கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். மூன்று நிமிடம்தான் ஓடியது. டுபாயில் ஒரு சாதாரண மாலுமியின் மகன், பெரிதாகக் கனவு கண்டார், இரவு பகலாக உழைத்தார், இன்று உலகிலேயே உயரமான கட்டடமான புர்ஜ் கலீஃபாவுக்குச் சொந்தக்காரர். பின்னணியில் எழுச்சியான இசை.

“சேர், இவரும் நம்மளப் போலத்தான். ஓலெவல் எழுதிட்டு நானும் போகப்போறன். காக்காட கம்பனியில விசா இருக்காம்.”

அன்று நான் அவனுக்கு எதுவும் சொல்லவில்லை. சந்தோசமாக வந்த பிள்ளையை நடுவீதியில் நிறுத்தி உபதேசம் பண்ண மனம் வரவில்லை. ஆனால் வணிகக் கல்வி படிப்பிக்கும் ஒருவனுக்கு அந்தக் காணொளி சும்மா விடுமா? முயற்சியாண்மை என்ற பாடத்தை ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். அந்த மனிதரைப் பற்றி நான் வாசித்து வைத்திருப்பதற்கும் காணொளி சொன்னதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. காணொளியில் நேரடிப் பொய் அதிகமில்லை, சொல்லாமல் விட்டதுதான் அதிகம். விடுபட்ட அந்தப் பக்கங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முஹம்மத் அலி அல்அப்பார் 1956 நவம்பரில் டுபாயில் பிறந்தவர். தந்தை சரக்குப் பாய்க்கப்பல் ஒன்றின் மாலுமி. இது உண்மை. அந்தக் காலத்து டுபாயை நமது ஊர்க்காரர்கள் விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. ‘கோர்’ என்று அரபியில் சொல்லும் ஓர் உப்புநீர்க் கழியின் இரு கரையிலும் அமைந்த சிறிய வியாபாரப் பட்டினம் அது. நமது வாவியைப் போலவே கடலோடு கலக்கும் நீர். மண் சேர்ந்து வாய் அடைபட்டால் தோணி வர முடியாது. ஜப்பானியரின் செயற்கை முத்து வந்த பிறகு 1930களில் முத்துக்குளிப்பு படுத்துவிட்டது. எண்ணெய் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை, 1966-இல்தான் அது கிடைத்தது.

அதற்கு முன்பே ஆட்சியாளர் ஷேக் ராஷித் ஒரு காரியம் செய்தார். குவைத்திடம் கடன் வாங்கி, 1960ஐ அண்டிய ஆண்டுகளில் அந்தக் கழியைத் தோண்டி ஆழமாக்கினார். தோண்டிய மண்ணைக் கரையில் கொட்டியதால் புதிய நிலம் உருவானது. அந்த நிலத்தை விற்று வந்த பணம் செலவை ஈடுசெய்ய உதவியது. பெரிய கப்பல் வந்தது, வியாபாரம் பெருகியது. அரசாங்கம் அடிப்படை வசதியைச் செய்தால் பக்கத்து நிலத்தின் விலை ஏறும், ஏறிய விலையைக் கொண்டு அடுத்த வேலையைச் செய்யலாம் என்ற பாடத்தை டுபாய் அப்போதே படித்துக்கொண்டது. பின்னாளில் அல்அப்பார் செய்ததெல்லாம் இந்தப் பாடத்தின் பெரிய பிரதி என்றே எனக்குப் படுகிறது.

இனி காணொளி தாண்டிப் போன முதலாவது பக்கம். மாலுமியின் மகன் எப்படிப் பெரிய ஆளானார்? படித்தார். அதுவும் அரசாங்கப் புலமைப்பரிசிலில் அமெரிக்கா சென்று படித்தார். 1981-இல் சியாட்டில் பல்கலைக்கழகத்தில் நிதியும் வணிக நிர்வாகமும் கற்றுப் பட்டம் பெற்றார். 1971-இல் உருவான ஒரு புதிய நாடு, தன் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிப்பித்த காலம் அது. திரும்பி வந்ததும் அவர் கொங்கிரீட் கலக்கப் போகவில்லை. மத்திய வங்கியில் வேலை பார்த்தார். பிறகு அல் கலீஜ் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்காகச் சிங்கப்பூரில் சில வருடங்கள் இருந்தார்.

சிங்கப்பூர் நாட்கள்தான் அவருடைய கண்ணைத் திறந்தன என்று நினைக்கிறேன். எண்ணெயும் இல்லாமல், விவசாய நிலமும் இல்லாமல், குடிதண்ணீரைக்கூட அயல்நாட்டிலிருந்து வாங்கும் ஒரு சின்னத் தீவு, திட்டமிட்ட வீடமைப்பாலும் துறைமுகத்தாலும் ஒழுங்கான நிர்வாகத்தாலும் என்ன ஆகலாம் என்பதை அவர் அங்கே நேரில் பார்த்தார். 1992-இல் டுபாய் பொருளாதார அபிவிருத்தித் திணைக்களம் ஆரம்பிக்கப்பட்டபோது அதன் முதலாவது பணிப்பாளர் நாயகமாக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36கூட ஆகவில்லை. ஷேக் முஹம்மத் பின் ராஷிதின் நம்பிக்கைக்குரிய வட்டத்துக்குள் அவர் இருந்தார். ஆக, எமார் கம்பனியைத் தொடங்கும்போது அவர் கையில் ஒரு வெளிநாட்டுப் பட்டம், வங்கி அனுபவம், உயர் அரச பதவி, ஆட்சியாளரின் காது ஆகிய நான்கும் இருந்தன. கனவும் உழைப்பும் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. கனவு மட்டும் இருந்தவர்கள் எத்தனை பேர் நமது ஊரிலும் இருக்கிறார்கள்!

1997-இல் எமார் பிறந்தது. அரபியில் ‘இஃமார்’ என்றால் கட்டியெழுப்புதல், குடியமைத்தல். பெயர் அழகானது. கம்பனியின் அத்திவாரம் அரச நிலம். டுபாய் அரசு நிலத்தைக் கொடுத்தது, பதிலுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உரிமையாளராக இருந்தது. மிகுதிப் பங்குகள் பொதுமக்களுக்குப் போயின. 2000-ஆம் ஆண்டு டுபாய் நிதிச் சந்தை திறக்கப்பட்டபோது அங்கே வர்த்தகமான முதல் கம்பனிகளில் எமாரும் ஒன்று. எனவே “புர்ஜ் கலீஃபாவின் சொந்தக்காரர்” என்பது சரியான பேச்சல்ல. அது ஒரு பொதுக் கம்பனியின் கட்டடம். அவர் அந்தக் கம்பனியின் ஸ்தாபகர், 2020 டிசம்பர் வரை தலைவர், அதன் பின் முகாமைத்துவப் பணிப்பாளர்.

மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கும்போது நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ஒரு வியாபாரத்தை விளங்க வேண்டுமென்றால் முதல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். காணி அபிவிருத்தி வியாபாரத்தில் மிகப் பெரிய செலவு நிலம். அது அரசிடமிருந்து வந்துவிட்டது. அடுத்த பெரிய செலவு கட்டுமானம். அதற்குப் பணம் எங்கே? வீடு வாங்குபவனிடமிருந்தேதான்.

இதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். நாம் வீடு வாங்கினால் சுவரைத் தட்டிப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, உறுதியை நொத்தாரிசிடம் காட்டி வாங்குவோம். டுபாயில் வீடு வரைபடத்திலேயே விற்கப்படுகிறது. வெறும் மணல். நடுவே ஒரு கூடாரத்துக்குள் குளிரூட்டியும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரிக் கட்டடமும். வாங்குபவர் பத்து வீதமோ இருபது வீதமோ முற்பணம் கட்டுகிறார், மிகுதியைக் கட்டுமானம் வளர வளரத் தவணையாகக் கட்டுகிறார். நூறு பேரின் தவணைப் பணத்தில் கட்டடம் எழும்புகிறது. கம்பனி தன் சொந்தப் பணத்தைப் போடுவது குறைவு.

ஆனால் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாத நாட்டில் இவ்வளவு வீட்டையும் யாருக்கு விற்பது? 2002-இல் அந்தக் கதவும் திறந்தது. குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவரும் முழு உரிமையோடு வாங்கலாம் என்று ஷேக் முஹம்மத் அறிவித்தார். அதற்கான காணிப் பதிவுச் சட்டம் 2006-இல்தான் வந்தது. நடுவே கிடந்த நான்கு வருடங்களில், சட்டம் முழுமையாக எழுதப்படாமலேயே, ஈரானியரும் இந்தியரும் பாகிஸ்தானியரும் ரஷ்யரும் ஆங்கிலேயரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். டுபாய் மரினாவில் பாலைவனத்துக்குள் சுமார் 3 கிலோமீற்றர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, கடல்நீரை உள்ளே கொண்டுவந்து, இரு கரையிலும் கோபுரங்கள் எழுப்பினார்கள். ஷேக் ராஷித் கழியைத் தோண்டி நிலம் உண்டாக்கினார். இங்கே நிலத்தைத் தோண்டிக் கழியை உண்டாக்கினார்கள். நீர் பார்த்த நிலத்துக்கு விலை கூட என்பது வாவிக் கரையில் வாழும் நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

புர்ஜ் கலீஃபாவும் இதே கணக்குத்தான். 828 மீற்றர் உயரமான ஒரு கட்டடத்தைக் கட்ட ஆன செலவு சுமார் 1.5 பில்லியன் டொலர். கட்டடத்தின் உச்சியில் ஊசியைப் போல நீண்டிருக்கும் பகுதியில் ஒருவரும் குடியிருக்க முடியாது. பிறகேன் அவ்வளவு உயரம்? அல்அப்பார் விற்றது அந்தக் கோபுரத்தை மட்டும் அல்ல. அதைச் சுற்றி 500 ஏக்கர் அளவில் ஒரு புதிய நகரப்பகுதி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் உலகின் உயரமான கட்டடம் தெரியும் என்றால் அந்த ஜன்னலுள்ள வீட்டின் விலையே வேறு. கோபுரம் ஒரு விளம்பரப் பலகை, இலாபம் சுற்றுவட்டாரத்தில். இந்த இடத்தில் அவருடைய கெட்டித்தனத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அரசு நிலம் கொடுத்த எல்லாரும் அதை இப்படிப் பயன்படுத்தியதில்லை. நிலம் கிடைத்து அதைப் புல் முளைக்க விட்டவர்களை நமது நாட்டிலும் காண்கிறோமே!

இனி இரண்டாவது விடுபட்ட பக்கம். அது எனக்கு நெருக்கமானது.

2004-இல் அத்திவார வேலை தொடங்கியது. ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்துக்கு 192 கொங்கிரீட் தூண்கள் நிலத்துக்குள் இறங்கின. உச்சகட்டத்தில் ஒரே நாளில் 12,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள், பெரும்பாலானோர் தெற்காசியர். 2006 மார்ச்சில் அந்தத் தளத்துத் தொழிலாளர்கள் கூலி, நடத்தப்படும் விதம் ஆகியவற்றுக்கு எதிராகக் கொதித்தெழுந்தார்கள். வாகனங்களும் அலுவலகங்களும் அடித்து நொறுக்கப்பட்டன. அப்போது செய்தி நிறுவனங்கள் வெளியிட்ட கணக்கின்படி, கைதேர்ந்த தச்சர் ஒருவருக்கு நாட்கூலி 7.60 டொலர், சாதாரணத் தொழிலாளிக்கு 4 டொலர். அன்றைய விலையில் கோபுரத்தின் ஒரு சதுர அடியை வாங்க அந்தத் தொழிலாளி எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்கு வீட்டுக் கணக்காகக் கொடுக்கலாம்.

என் மாமி மகன், எனக்கு மச்சான் முறை, அந்தப் பகுதியில் கம்பி கட்டும் வேலைக்குப் போனவர். புர்ஜில் அல்ல, பக்கத்துக் கட்டடம் ஒன்றில், ஓர் உப கொந்தராத்துக் கம்பனியின் கீழ். சாதாரண தரத்தில் கணிதம் சித்தி, தமிழ் திறமைச் சித்தி. மக்கு இல்லை. ஆனால் வீட்டில் இரண்டு தங்கச்சிமார். நமது ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கலியாணத்துக்கு முன் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வாப்பாவால் முடியாவிட்டால் காக்காமார் கட்ட வேண்டும். ஒரு வகையில் பார்த்தால் நமது ஊரில் ஒவ்வொரு காக்காவும் ஒரு காணி அபிவிருத்தியாளன்தான்! முதல் போடுகிறான், கட்டுகிறான், கையளிக்கிறான். இலாபம் மட்டும் இல்லை. கடைசியில் அவன் குடியிருப்பதும் வேறொரு காக்கா கட்டிய வீட்டில்.

மச்சான் 2007-இல் போனார். மாதா மாதம் அனுப்பிய காசில் மூத்த தங்கச்சிக்கு அத்திவாரம் போட்டு, தூண் எழுப்பி, சுவர் லிண்டல் மட்டம் வரை வந்தது. 2008 செப்டெம்பரில் அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. எங்கேயோ நியூயோர்க்கில் ஒரு வங்கி விழுந்தால் மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு வீட்டுக்குத் தட்டுப் போடும் வேலை நிற்கும் என்பதை நாங்கள் கண்டது அப்போதுதான்.

என்ன நடந்தது என்று பாருங்கள். வரைபடத்தில் விற்கும் முறையின் பலவீனம் இதுதான்: வாங்கியவர்களில் பெருந்தொகையினர் குடியிருக்க வாங்கவில்லை. பத்து வீதம் கட்டி, அடுத்த தவணை வருமுன் விலை கூட்டி வேறொருவருக்கு விற்றுவிடும் எண்ணத்தில் வாங்கினார்கள். ஒரே மணல்துண்டின் மேலுள்ள கற்பனை வீடு, கட்டப்படுமுன் மூன்று நான்கு கை மாறியது. வங்கிக் கடன் நின்றதும் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் தவணை கட்ட முடியாமல் ஓடினார். தவணை வராததால் கட்டுமானம் நின்றது. கொந்தராத்துக்காரருக்குக் காசு வரவில்லை. உப கொந்தராத்துக்காரர் கையை விரித்தார். கடைசியில் நின்றவர் கம்பி கட்டுபவர். மச்சானுக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. 2009 ஆரம்பத்தில் ஒரு கைப்பையோடு கட்டுநாயக்கவில் வந்து இறங்கினார். அந்தச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. வீட்டின் விலைகள் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே போய்விட்டன என்று அன்றைய செய்திகள் சொல்லின. அதைக் கேட்டு அவர் சிரித்தார், அவ்வளவுதான்.

எமாருக்கும் அடி விழுந்தது, அதை மறைக்கக் கூடாது. 2006-இல் ஒரு பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து அமெரிக்காவில் ஜோன் லேயிங் ஹோம்ஸ் என்ற வீடு கட்டும் கம்பனியை வாங்கியிருந்தார்கள். சரியாக அமெரிக்க வீட்டுச் சந்தை சரியுமுன்! 2009 பெப்ரவரியில் அது வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. இந்தியாவில் எம்ஜிஎஃப் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்தார்கள். 2008 பெப்ரவரியில் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க வந்து, வாங்க ஆளில்லாமல் அந்த வெளியீட்டையே மீளப்பெற்றார்கள். 2016-இல் கூட்டுப் பிரிந்தது.

முஸ்லிம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு கிளைக் கதையும் உண்டு. எமார் தொடங்கிய அம்லாக் என்ற இஸ்லாமிய வீட்டு நிதி நிறுவனம், வட்டியில்லா முறையில் வீடு வாங்க நிதி கொடுத்தது. 2008 நவம்பரில் அதன் பங்கு வர்த்தகம் இடைநிறுத்தப்பட்டது. திரும்பத் தொடங்க 2015 ஜூன் ஆனது. ஏறத்தாழ ஆறரை வருடம் சாதாரண முதலீட்டாளரின் பணம் அசையாமல் கிடந்தது. நான் ஆலிம் அல்ல. ஆனாலும் பிக்ஹில் ‘இஸ்திஸ்னா’ என்று ஓர் ஒப்பந்தம் உண்டு என்பதையும், இன்ன அளவில் இன்ன தரத்தில் செய்து தா என்று முன்பணம் கொடுப்பதற்கு அதில் இடமுண்டு என்பதையும் படித்திருக்கிறேன். கையில் வராத பொருளை இலாபத்துக்குக் கைமாற்றுவதைப் பற்றி உலமாக்கள் எச்சரித்து வந்ததும் நாம் அறிந்ததே. டுபாயில் நடந்த கைமாற்று வியாபாரத்தை அந்த எச்சரிக்கையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழைய சட்ட நூல்கள் பொருளாதாரம் தெரியாமல் எழுதப்பட்டவை அல்ல என்று விளங்கும். பெயரில் இஸ்லாமியம் இருந்தும், நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் அந்த நிறுவனமும் மற்றவர்களைப் போலவே சாய்ந்திருந்தது.

பிறகு எமார் எப்படி எழும்பியது? இங்கேதான் மூன்றாவது பக்கம். தனியாள் தோற்றால் தோற்றதுதான், அரசோடு சேர்ந்தவர் தோற்றால் தூக்கிவிட ஆளுண்டு. 2009 நவம்பரில் டுபாய் அரசின் டுபாய் வேர்ல்ட் நிறுவனம் கடன்காரர்களிடம் ஆறு மாத அவகாசம் கேட்டது. உலகச் சந்தைகள் நடுங்கின. டிசம்பரில் அபூதாபி 10 பில்லியன் டொலர் கொடுத்தது. மூன்று வாரம் கழித்து, 2010 ஜனவரி 4 அன்று, அதுவரை ‘புர்ஜ் டுபாய்’ என்று உலகம் அறிந்த கோபுரம், திறப்பு விழா மேடையில் அபூதாபி ஆட்சியாளரும் நாட்டின் ஜனாதிபதியுமான ஷேக் கலீஃபாவின் பெயரைப் பெற்றது. பலகைகள், அச்சடித்த பொருட்கள் எல்லாம் பழைய பெயரில் இருந்தன. கடன் கொடுத்தவரின் பெயரை வீட்டுக்கு வைப்பது நமது ஊரில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

அல்அப்பாரின் பங்குக்கு அவர் செய்த புத்திசாலித்தனம் வேறு. 2008 நவம்பரில், சந்தை சரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில், டுபாய் மோல் திறக்கப்பட்டது. சுமார் 1,200 கடைகள். வீடு விற்றால் பணம் ஒருமுறை வரும், கடை வாடகை மாதா மாதம் வரும். வீட்டு விற்பனை முடங்கிய வருடங்களில் வாடகையும் ஹொட்டல் வருமானமும் கம்பனியைத் தாங்கிப் பிடித்தன. 2023-இல் அந்த அங்காடிக்கு வந்தோர் தொகை 105 மில்லியன். பெரிய பஸார் வீதியில் கடையறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டு, மீன்பாடு இல்லாத காலத்திலும் அடுப்பெரித்த நமது பழைய ஹாஜியார்மார் இதை டுபாய்க்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

அரசும் சட்டத்தை இறுக்கியது. சரிவுக்கு முந்திய வருடம், 2007-இல், ஒரு முக்கியமான சட்டம் வந்திருந்தது: வாங்குபவர்கள் கட்டும் தவணைப் பணத்தைக் கம்பனி தன் பையில் போட முடியாது, அந்தத் திட்டத்துக்கென்றே வங்கியில் திறந்த தனிக் கணக்கில் போட வேண்டும், வேலை முன்னேறும் அளவுக்கு மட்டுமே எடுக்கலாம். மேற்பார்வைக்கு ஓர் அதிகார சபையும் அமைந்தது. இதை நமது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயல் ஓரத்தில் நாலு கல்லை நட்டு, பத்துப் பத்து பேர்ச்சஸாகப் பிரித்து, “முற்பணம் கட்டுங்க, உறுதி பிறகு” என்று விற்கிறார்கள். பாதை எங்கே, வடிகான் எங்கே, பிரதேச சபை அனுமதி எங்கே என்று கேட்பவர் குறைவு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வட்ஸ்அப்பில் படம் பார்த்துக் காசு அனுப்புகிறான். மழைக்காலத்தில் வாவி பெருகும்போதுதான் அந்தக் காணி எது, தண்ணீர் எது என்று தெரியவருகிறது. நமக்குத் தேவையான டுபாய்ப் பாடம் ஒன்று உண்டென்றால் எனக்கு அந்தத் தனிக் கணக்குத்தான் ஞாபகம் வருகிறது.

அல்அப்பாரும் அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் வென்றவர் இல்லை. 2015 மார்ச்சில் எகிப்துக்கு 45 பில்லியன் டொலரில் புதிய தலைநகர் கட்டித் தருவதாக ஒப்பமிட்டார். சில மாதங்களில் அது கலைந்தது. 2016-இல் புர்ஜ் கலீஃபாவையும் விஞ்சும் ஒரு கோபுரத்தைக் கழிமுகத்தில் கட்டுவதாக அறிவித்தார்கள். கொரோனாக் காலத்தில் அது நின்றது. மறுபக்கம், செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஆற்றங்கரையில் அவருடைய ஈகிள் ஹில்ஸ் கம்பனி பெரும் திட்டமொன்றைக் கட்டியது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டதற்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2017-இல் நூன் என்ற இணைய அங்காடியைத் தொடங்கி அமேசனோடு போட்டிக்கு நின்றார். அறுபது வயதில் புதிய தொழில் தொடங்கும் துணிவு எனக்குப் பிடிக்கும். நாற்பது தாண்டியதும் ஓய்வூதியத்தை எண்ணத் தொடங்கும் எனக்கு அது ஒரு குட்டு.

நம் மொழி பேசும் ஒருவரையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான். 1927-இல் பிறந்தவர், இளவயதிலேயே கொழும்புக்கு வந்து இரத்தினக்கல் வியாபாரத்தில் இறங்கியவர். 1973-இல் திறக்கப்பட்ட சென்னை ஜெமினி மேம்பாலத்தைக் கட்டியது அவருடைய கம்பனி. டுபாயில் அல் குரைர் குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து ஈ.டி.ஏ. குழுமத்தை வளர்த்தார். கட்டுமானம், மின்தூக்கி, வீடமைப்பு என்று பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்தது அது. நமது ஆட்களும் அங்கே இருந்தார்கள். திறமையில் அல்அப்பாருக்குக் குறைந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் அந்த மண்ணின் குடிமகன் அல்ல. அங்கே அவருக்கு ஓர் அரபுப் பங்காளி தேவைப்பட்டார். அல்அப்பாருக்கு அரசே பங்காளி. சம்பாதித்ததில் ஒரு பகுதியை 1984-இல் வண்டலூரில் பொறியியல் கல்லூரியாக்கினார், இன்று அது அவர் பெயரில் பல்கலைக்கழகம். 2015 ஜனவரியில் காலமானார். டுபாய்க் குழுமம் பின்னர் கடனில் சிக்கித் தளர்ந்தது, கல்லூரி நிற்கிறது.

ஆக, அந்தக் காணொளியைப் பார்த்து “இவரும் நம்மளப் போலத்தான்” என்று சொன்ன என் மாணவனுக்கு நான் சொல்ல வேண்டியது இது: அவர் உன்னைப் போலத் தொடங்கினார் என்பது சரி. நீ போகப்போகும் வழியால் அவர் போகவில்லை. பதினாறு வயதில் அவருக்கு விசா எடுத்துக் கொடுத்து வேலைக்கு அனுப்பியிருந்தால், எமாரும் இல்லை, புர்ஜும் இல்லை. ஒரு நாடு அவருடைய படிப்புக்கு முதல் போட்டது, பிறகு அவருடைய கம்பனிக்கு நிலத்தையும் சட்டத்தையும் கொடுத்தது. நமக்குப் பின்னால் அப்படியொரு அரசு இல்லை. அந்த இடத்தில் நமக்கு இருப்பது பள்ளிவாசல் நிர்வாகமும் ஸக்காத் நிதியும் வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களும்தான். அந்தக் கைகள் வருடா வருடம் எத்தனை வீட்டுக்குத் தட்டுப் போட்டுக் கொடுக்கின்றன, எத்தனை பிள்ளைகளை உயர்தரம் தாண்டிப் படிப்பிக்கின்றன என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு எடுத்துப் பார்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

போன வெள்ளிக்கிழமை அவனைத் தேடி அவன் வீட்டுக்குப் போனேன். இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்தால் என்னவாகலாம் என்றும் விசாரித்தான். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய உம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். “எல்லாம் சரி சேர், இவன் ரெண்டு வருசம் படிச்சா, மூத்தவள்ர வூட்டுக்கு யாரு தட்டுப் போடுற?”

வீட்டுக்குப் பின்னால் லிண்டல் மட்டத்தில் நின்ற சுவரை அப்போதுதான் பார்த்தேன். தூணிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்கு மழை படாமலிருக்க யாரோ பொலித்தீன் பை கட்டியிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.